நாற்பது பேர்ச் காணியும் ஒரு கணக்குக் கொப்பியும்

திருகோணமலையிற் காணியின் விலையைக் கேட்பவன் முதலிற் கடலைப் பார்க்கிறான். பின்னரே மண்ணைப் பார்க்கிறான். இது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் முதலாக, 1795 இல் அக்கோட்டையைக் கைப்பற்றி 1957 வரை துறைமுகத்தைத் தம் கடற்படைத் தளமாக வைத்திருந்த ஆங்கிலேயர் ஈறாக, இங்கு வந்தோர் எவரும் வயலுக்காகவோ தோட்டத்துக்காகவோ வந்தவரல்லர். குன்றுகள் சூழ்ந்த அந்த ஆழ்ந்த குடாவே அவர்களை அழைத்தது. குடாவின் பெருமையை அண்டியே கரைநிலமும் விலைபெற்றது. ஆதலால், இந்நகரின் நிலத்துக்கு விலை கூறுபவர்கள் அதன் இன்றைய பயனை எண்ணிக் கூறுவது அரிது. இனிமேல் இங்கு என்ன வரப்போகிறது என்பதையே அவர்கள் விற்கிறார்கள்.

“துறைமுகம் எழும்பப்போகுது” என்னும் வாக்கியம் இவ்வூர்த் தரகர்களின் வாயிற் குறைந்தது நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் புழங்கி வருகிறது. 1977 இல் சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்துடன் அரசு உடன்படிக்கை செய்து, 1980 இல் சீனன்குடாப் பக்கத்தில் மாபெரும் மாவாலை இயங்கத் தொடங்கியபோது அது ஒலித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதே குடாவில் தோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தபோதும், 1987 இல் இந்திய இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் எண்ணெய்த் தாங்கிகள் பற்றிய பேச்சு இடம்பெற்றபோதும் ஒலித்தது. 2003 இலும் 2022 இலும் மீண்டும் கேட்டது. மாவாலையும் சீமெந்தாலையும் மெய்யாகவே எழுந்தன. ஆயினும் அவற்றை நம்பி நிலாவெளி வீதியிற் காணி வாங்கிய எளியோருக்கு அவற்றால் யாது பயன் விளைந்தது என்பது வேறு கணக்கு. அத்தகைய ஒரு கணக்கு இந்நகரின் மட்டிக்களிப் பகுதியில் ஒரு வீட்டு அலுமாரியில், மடிப்புக் குலைந்த சீ.ஆர். கொப்பி ஒன்றில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டு வந்திருக்கிறது.

அவ்வீட்டுக்குடையவர் துறைமுக அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கணக்கை எழுதியவர் அவரல்லர், அவர் மனைவி. 1979 இல், திருமணம் முடிந்து ஓராண்டு கழிந்த நிலையில், நிலாவெளி வீதியின் கடற்புறமாக நாற்பது பேர்ச் காணியொன்று விலைக்கு வந்தது. உல்லாசப் பயணிகள் அக்கரையை நாடி வரத் தொடங்கியிருந்த காலம் அது. கேட்ட விலை பத்தாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல். எழுதுவினைஞரின் சம்பளத்தில் அதனைச் சேர்ப்பதாயின் பல ஆண்டுகள் செல்லும். மனைவி தம் சீதன நகையிற் பத்துப் பவுணைக் கழற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் விதித்தார்: அக்காணிக்காகச் செலவாகும் ஒவ்வொரு சதத்தையும் தாமே எழுதிவைப்பார், அதனை எவரும் வேடிக்கையாக எண்ணலாகாது.

கொப்பியின் முதற்பக்கம் எல்லார் கணக்கையும் போலவே தொடங்குகிறது. நொத்தாரிசுக்குக் கொடுத்தது, முத்திரைத் தீர்வை, நில அளவையாளரின் கூலி, அவருடன் வந்த சங்கிலிக்காரருக்குச் சோறு, பூவரசங் கதியால், அடுத்த ஆண்டு கதியால் பட்டுப்போனதால் முட்கம்பி. வெறுங்காணி செலவில்லாத சொத்து என்று எண்ணுவோர் பலர். வீடு போல அதற்குக் கூரையில்லை, ஒழுக்கில்லை, சுண்ணாம்பு பூச வேண்டியதில்லை என்பர். ஆயினும் ஆண்டுக்கு இருமுறை பற்றை வெட்டாத காணியைக் காடு எடுத்துக்கொள்ளும். காடு எடுக்காவிடின் அயலவர் எடுப்பர். வேலி என்பது எல்லைக்கு மட்டும் அடையாளமன்று, உடையவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கும் அதுவே அடையாளம். வருமானம் ஒரு சதமேனும் தராத நிலம் ஆண்டுதோறும் கூலி கேட்டது. அக்கூலியை அந்த அம்மையார் எழுதினார்.

1985 இலிருந்து பக்கங்கள் மெலிகின்றன. கலவரமும் இடப்பெயர்வும் நிலாவெளி வீதியைத் துண்டித்த காலம். 1990 இற் குடும்பமே நகரைவிட்டுப் போய் வந்தது. பின்னர் பல ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு வரியே காணப்படுகிறது: “போகவில்லை.” தொகைக்குரிய பத்தியில் ஒரு சிறு கோடு. செலவில்லாத ஆண்டுகள் அவை என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கூறக்கூடும். ஆனால் காணியை வைத்திருப்பவனுக்கு மிக அதிகமாகச் செலவாகிய ஆண்டுகள் அவையே. அப்பணம் வேறெங்கேனும் உழைத்திருக்க வேண்டிய காலம் அது, உழைக்காமற் கிடந்தது. பொருளியல் வகுப்பில் இதற்குச் சந்தர்ப்பச் செலவு எனப் பெயர் கூறுவர். அம்மையார் அப்பெயரை அறியார். எனினும் கோடு போட்ட அந்த வெற்றுப் பத்தியை அவர் தவறாது வைத்திருந்தார்.

காத்திருத்தல் நிலவுடைமையாளனின் கையிலுள்ள கருவி என்று வீடு, காணி முதலீடு பற்றிய நூல்கள் கூறும். திருகோணமலையில் அக்கருவி பெரும்பாலும் பிறர் கையிலேயே இருந்துவந்துள்ளது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தனர்; அவர்களின் காணிகளுள் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டு, 2015 இலேயே அவ்வொதுக்கீடு நீக்கப்பட்டது. அதே சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016 இற் கைவிடப்பட்டது; 2025 ஏப்பிரலில் அங்கு சூரிய மின்திட்டமொன்றுக்கான பணிகள் தொடக்கிவைக்கப்பட்டன. ஒரு நிலத்தின் பெறுமதியைத் தீர்மானிப்பவர்கள் அந்நிலத்தின் உடையவரைக் கேளாமலே இத்தனை முறை மனம்மாற முடிந்தது. அங்கு காத்திருந்தவர்களை எவரும் முதலீட்டாளர் என்று அழைக்கவில்லை.

2002 இன் போர்நிறுத்தத்துக்குப் பின் கொப்பி மீண்டும் நிரம்புகிறது. 2003 இற் பற்றை வெட்டியவர்கள் எட்டுப் பேர். புதிய முட்கம்பி, கொங்கிறீற்றுத் தூண் முப்பது. அடுத்த ஆண்டு மார்கழி இருபத்தாறாந் திகதி கடல் உள்ளே வந்து தூண்களையும் எல்லைக்கற்களையும் கொண்டுபோயிற்று. 2005 இற் கடலிலிருந்து வடகிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் எதுவும் கட்டலாகாது என அறிவிக்கப்பட்டபோது, நாற்பது பேர்ச்சும் அந்த எல்லைக்குள் அடங்கிவிட்டது. தெற்கிலும் மேற்கிலும் அத்தூரம் 100 மீற்றராக இருந்தமை குறித்து அக்காலத்தில் இப்பக்கத்தார் கசப்புடன் பேசினர். கட்ட முடியாத காணியை யார் வாங்குவார்? விதி பின்னர் தளர்ந்தது. ஆனால் தளர்வதற்குள் மீண்டும் போர் வந்துவிட்டது.

2009 இற் போர் முடிந்தபின் கொழும்பிலிருந்து வாகனங்கள் வந்தன. அளவையாளர் மீண்டும் வந்து பழைய வரைபடத்தை மண்மீது விரித்தபோது வடக்கெல்லையில் வேறொருவரின் வேலி சில அடிகள் உள்ளே நின்றது. பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டு அனுபவித்தவருக்கு உரிமை சேரும் என்னும் ஆட்சியுரிமைச் சட்டம் இடம்பெயர்ந்தோர் பலரின் நித்திரையைக் கெடுத்த காலம் அது. 1983 மே முதலாந் திகதி தொடக்கம் 2009 மே பதினெட்டாந் திகதி வரை, ஆயுதக்குழுவின் செயல்களால் தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்ற சிறப்புச் சட்டம் 2016 இலேயே நிறைவேறியது. எழுதுவினைஞர் நீதிமன்றம் செல்லவில்லை. அயலவரோடு தேநீர் அருந்தினார், பாதி அடியை விட்டுக்கொடுத்தார், மீதியை மீட்டார். விட்டுக்கொடுத்ததைப் பேர்ச் கணக்கிற் பிரித்து அம்மையார் எழுதினார். வழக்கறிஞருக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகையை எதிர்ப்பக்கத்தில் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டு, “சரி” என்று ஒரு சொல்லும் இட்டிருக்கிறார்.

இனி 2021 இன் இறுதிக்கு வருவோம். இளைய மகளுக்குத் திருமணம் பேசி முடிந்திருந்தது. கிழக்கில் வீடு மகளுக்கே உரியது. பெற்றோர் வசித்த வீடு மூத்தவளுக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. பின்வளவில் இளையவளுக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும். ஓய்வூதியத்தில் வீடு எழும்பாது. ஆகவே நிலாவெளிக் காணியை விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி முதன்முறையாக மெய்யான கேள்வியாயிற்று. தரகர் பேர்ச் ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் என்றார். நாற்பதுக்கும் அறுபது இலட்சம். கணவர் தாளில் வகுத்துப் பார்த்தார்: வாங்கிய விலையின் ஐந்நூறு மடங்குக்கு மேல்! அவர் முகத்தில் அன்று தோன்றிய பெருமிதம் நியாயமானதே. தம் வாழ்நாளில் அவர் செய்த ஒரேயொரு முதலீடு அது.

அம்மையார் கொப்பியை எடுத்துவந்தார். ரூபாவில் எழுதியிருந்த ஒவ்வொரு செலவையும் அந்தந்த ஆண்டு நகைக்கடை விலைப்படி பவுணாகவும் பென்சிலாற் குறித்துவைத்திருந்தமை அன்றுதான் கணவருக்குத் தெரியவந்தது. அறுபது இலட்சம் அன்றைய விலையில் ஏறத்தாழ ஐம்பது பவுண். கொடுத்தது பத்து. வேலி, பற்றை, அளவை, வரி, போக்குவரத்து எல்லாம் சேர்ந்து மேலும் பதினான்கு. ஐந்நூறு மடங்கு என்று ரூபா கூறியதைப் பவுண் ஐந்து மடங்கு என்று கூறியது. நாற்பத்திரண்டு ஆண்டுகளிற் பத்து ஐம்பதாவது கூட்டுவட்டிப்படி ஆண்டுக்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. பதினான்கையும் சேர்த்தால் அதனினும் குறைவு. சுருங்கிக்கொண்டே போகும் அளவுகோலால் மரத்தை அளந்துவிட்டு மரம் வளர்ந்துவிட்டது என மகிழ்வதை ஒத்தது ரூபாக் கணக்கு.

அப்படியாயின் நகையை விற்றிருக்கவே கூடாதோ? அவ்வாறும் அவர் கூறவில்லை. கூறாமைக்குக் காரணம் உண்டு. சீதனத்தில் எஞ்சியிருந்த மற்றப் பவுண்கள் 1990 இன் இடப்பெயர்விற் சென்ற வழியை அக்குடும்பம் அறியும். முகாமில் அரிசியாயிற்று, மருந்தாயிற்று, பிள்ளைகளின் பால்மாவாயிற்று. பெட்டியிலிருந்திருந்தால் அந்தப் பத்தும் அவ்வழியே சென்றிருக்கும். தூக்கிக்கொண்டு ஓட முடியாத சொத்து என்பதே காணியின் குறை. தூக்கி விற்க முடியாத சொத்து என்பதே அதன் காவல். இலாப வீதம் மட்டும் பார்ப்பவர்களின் அட்டவணையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

அவர்கள் ஒரு முடிவுக்கு வருமுன்னரே செய்தியொன்று வந்தது. 2022 ஜனவரி ஆறாந் திகதி சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் தொடர்பான புதிய உடன்படிக்கைகள் கையொப்பமாயின. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலக் கடற்படைக்கென நிறுவப்பட்டு, 1942 ஏப்பிரலில் யப்பானியக் குண்டுவீச்சுக்கும் ஆளாகி, எஞ்சி நிற்பவை 99 தாங்கிகள். அவை பரந்திருக்கும் நிலம் ஏறத்தாழ 850 ஏக்கர். அவற்றுள் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும் என்றும், எஞ்சிய 61 கூட்டுத்தாபனம் நூற்றுக்கு 51 பங்கும் ஐ.ஓ.சி. 49 பங்கும் கொள்ளும் கூட்டுக் கம்பனிக்கு ஐம்பதாண்டுக் குத்தகைக்கு என்றும் பிரிக்கப்பட்டன. அதற்கு முன், 2003 இன் ஏற்பாட்டின்படி, முப்பத்தைந்து ஆண்டுக் குத்தகைக்குப் பேசப்பட்ட வாடகை ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் அமெரிக்க டொலர்.

எழுதுவினைஞர் அத்தாங்கிகளைப் பணிக்காலம் முழுதும் கண்டவர். மனைவியின் கொப்பி கற்பித்த பாடத்தை அன்று பத்திரிகையின் ஓரத்திற் பயன்படுத்திப் பார்த்தார். ஓர் இலட்சத்தை 99 ஆற் பிரித்தால் தாங்கியொன்றுக்கு ஆண்டுக்கு ஆயிரத்துப் பத்து டொலர். 850 ஆற் பிரித்தால் ஏக்கரொன்றுக்கு நூற்றுப் பதினெட்டு. மாதம் பத்து டொலருக்கும் குறைவு. பிரதான வீதியில் ஒரு பெட்டிக்கடைக்கே அதனிலும் கூடிய வாடகை! இவ்வாறு கணக்கிட்டுக் கொதித்தவர்கள் நாட்டிற் பலர் இருந்தனர். கொதிப்பிலும் நியாயம் இருந்தது. எனினும் கணக்கு அங்கு முடிவதில்லை. அந்த ஆண்டுகளிற் பயன்பட்டவை கீழ்த்தொகுதியிலுள்ள பதினைந்து தாங்கிகளே. மேற்தொகுதியின் எண்பத்து நான்கும் காட்டினுள் நின்றன. துருவை உரித்தல், அடித்தகடு மாற்றுதல், குழாய் பதித்தல், காவல் போடுதல் என்பன செய்யாமல் அவற்றில் ஒரு லீற்றர் எண்ணெயும் நிற்காது. வாடகை மலிவு என்போர் இச்செலவை மறக்கின்றனர். செலவு பெரிது, ஆகவே வாடகை மலிவாயிருப்பது தகும் என்போரோ, எந்த நிறுவனமும் காசு கொடுத்துத் தோண்டாத அந்த ஆழ்துறையை மறக்கின்றனர். அதனைக் குத்தகை மதிப்பில் எப்பத்தியில் எழுதுவது? நாற்பது பேர்ச்சுக்குக் கடற்காற்றை எப்பத்தியில் எழுதுவது என்ற கேள்வியின் பெரிய வடிவமே அது. மேலும், அத்தாங்கிகளைச் சும்மா விட்ட ஆண்டுகளின் விலையை எவரும் கொப்பியில் எழுதவில்லை. ஓர் எழுதுவினைஞரின் மனைவி எழுதிய “போகவில்லை” என்னும் வரியாவது அங்கு இருந்திருக்கலாம்.

உடன்படிக்கையின் மை காயுமுன் தரகர் வாயிலில் நின்றார். “ஐயா, துறைமுகம் எழும்பப்போகுது. கொழும்பில் ஒரு நல்ல மனுசர் இருக்கிறார். முழுக்க விற்க வேண்டாம், பாதியைக் குடுங்கோ. மீதி விலை ஏறட்டும்” என்றார். பாதி விற்றல் என்பது அறிவான யோசனையாகவே பட்டது. விற்றபின் விலை ஏறினால் ஒரு பாதி இருக்கிறது. இறங்கினால் ஒரு பாதி போய்விட்டது. இருவரும் இசைந்தனர். வாங்குபவர் கேட்டது கடற்பக்கப் பாதியை. பேர்ச்சுக்கு அதே ஒன்றரை இலட்சம், இருபதுக்கு முப்பது இலட்சம்.

காணியைப் பிரிக்க வரைபடம் வந்தபோதுதான் முதற் குறை தெரிந்தது. வீதிப்பக்கப் பாதி இவர்களிடம் இருக்க, கடற்பக்கத்துக்குப் போக வழி வேண்டும். பத்தடி ஒழுங்கை, நூறடி நீளம்: ஆயிரம் சதுர அடி. பேர்ச் என்பது 272 சதுர அடியும் காலும். ஆக மூன்றரைப் பேர்ச்சுக்கு மேல் இவர்களின் பாதியிலிருந்து ஒழுங்கைக்குப் போயிற்று. அதற்கு விலை எவரும் பேசவில்லை. விலையின் உள்ளேயே அது அடங்கியதெனத் தரகர் கூறினார். முப்பது இலட்சத்தை இருபதாற் பிரிப்பதற்குப் பதிலாக இருபத்து மூன்றரையாற் பிரித்தால் பேர்ச்சுக்கு ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்று மேலே வருகிறது. அம்மையார் அதனை எழுதிக் கணவரிடம் காட்டினார். ஆனால் சொல் கொடுத்தாயிற்று.

இரண்டாவது குறையைக் கண்டவரும் அவரே. ஆயினும் அதன் பருமனை அவரும் அறிந்திருக்கவில்லை. பெப்ரவரி நடுப்பகுதியில் நொத்தாரிசின் முன் விற்பனை உடன்படிக்கை எழுதப்பட்டது. அச்சவாரம் ஐந்து இலட்சம். மீதி இருபத்தைந்தும் மூன்று மாதத்தினுள், உறுதி முடிக்கும் நாளில். விற்பவர் பின்வாங்கினால் அச்சவாரத்தை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாசித்துக் காட்டியபோது, “இஞ்சாருங்கோ, மூன்று மாதம் எதுக்கு?” என்று அம்மையார் கேட்டார். தரகர் சிரித்தார். “அம்மா, அவர் வங்கிக் கடன் எடுக்க வேண்டாமே? முப்பது வருசத்து உரித்துப் பார்ப்பினம், மதிப்பீட்டாளர் வருவார். மூன்று மாதம் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்.”

தரகர் கூறியதிற் பொய்யில்லை. மூன்று மாதம் விரைந்தே சென்றது. மார்ச் ஏழாந் திகதி, டொலருக்கு இருநூறு ரூபா அளவிற் பிடித்து வைக்கப்பட்டிருந்த நாணயம் அவிழ்த்து விடப்பட்டது. ஏப்பிரல் எட்டாந் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் நூற்றுக்கு ஏழு புள்ளி உயர்த்தியது. பன்னிரண்டாந் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் தற்போதைக்குச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. மே நடுப்பகுதியில் ஒரு டொலர் முந்நூற்றறுபது ரூபா. இருபத்தைந்து இலட்சம் என்னும் எண் உடன்படிக்கையில் மாறாமல் நின்றது. பெப்ரவரியிற் பன்னீராயிரத்து ஐந்நூறு டொலராக இருந்த அது, மேயில் ஏழாயிரத்தைத் தொடவில்லை.

இந்நிலையிலேதான் வீட்டினுள் நாற்பத்திரண்டு ஆண்டுகளிற் காணாத மௌனம் ஒன்று உண்டாயிற்று. அம்மையார் கணக்குப் போட்டார். உடன்படிக்கையை முறித்தாற் பத்து இலட்சம் திருப்ப வேண்டும். அதில் ஐந்து அவர்களுடையதே. ஐந்து இலட்சம் நட்டத்துடன் காணி மிஞ்சும். பணத்தின் மதிப்பு இருக்கும் நிலையில் அக்காணி ஐந்து இலட்சத்திலும் பன்மடங்கு பெறும். எண்கள் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. கணவர் தாளை இருமுறை வாசித்தார். “ஒப்பம் வைச்சாச்சு” என்று மட்டும் கூறினார். அம்மையார் வாதாடவில்லை என்பது உண்மையே. இசைந்தார் என்பது உண்மையாகாது. மகளின் வீட்டுக்கான பணத்தைக்கொண்டு கணவர் தம் சொல்லைக் காக்கிறார் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அக்கணக்குத் தாளை மடித்துக் கொப்பியினுள் வைத்தார். அது இன்றும் அங்கேயே இருக்கிறது.

கொழும்பிலிருந்து வாங்க வந்தவரை வஞ்சகர் என்று எண்ணுவதற்கில்லை. உறுதி முடிக்கும் நாளில் அவர் முகமும் வாடியிருந்தது. மாறும் வட்டிக்கு எடுத்த கடன் அவருடையது. முதற் தவணைக்கு முன்னரே வட்டி அவர் எண்ணியதன் இரட்டிப்பை நெருங்கியிருந்தது. அவரும் பின்வாங்கியிருக்கலாம், ஐந்து இலட்சத்தை இழந்து தப்பியிருக்கலாம். வந்து ஒப்பமிட்டார். முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்தெழுதும் வழக்கம் உண்டெனத் தரகர் காதிற் போட்டபோது இருவருமே தலையசைத்து மறுத்தனர். முதல் இலட்சத்துக்கு மூன்று வீதம், மீதிக்கு நான்கு வீதம் என்ற கணக்கில் இலட்சத்துப் பத்தொன்பதாயிரத்தை அவர் கட்டினார். 2018 இல் மீண்டும் வந்த மூலதன ஆதாய வரி 2017 செப்ரெம்பர் இறுதியின் சந்தைப் பெறுமதியை அடியாகக் கொள்வதால், விற்றவர் பக்கத்தில் அது சிறு தொகையாகவே நின்றது.

பணம் வந்தது, வீடு தொடங்க வேண்டும். 2021 இல் ஆயிரம் ரூபா அளவிலிருந்த சீமெந்து மூடை 2022 இன் நடுப்பகுதியில் மூவாயிரத்தை நெருங்கியது. சீனன்குடாவிற் சீமெந்தாலை நிற்கிறது; புகைபோக்கியைக் காணும் தூரத்தில் வாழும் குடும்பத்துக்குச் சீமெந்து எட்டாப் பொருளாயிற்று. அரைக்கப்படும் கிளிங்கர் கப்பலிலேயே வருகிறது. கப்பல் டொலர் கேட்கிறது. ஆழ்துறை இருப்பதாலேயே ஆலை இங்கு வந்தது என்பதும், அதே துறையினூடாகவே டொலரின் விலையும் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்தது என்பதும் விநோதமான உண்மைகள். வரைபடத்தில் மூன்று அறையும் விறாந்தையும் இருந்தன. அத்திவாரத்தை முழுமைக்கும் இட்டு, இரண்டு அறைகளை மட்டும் தகரக் கூரையுடன் எழுப்பினர். எஞ்சிய பணம் நிலையான வைப்புக்குச் சென்றது. அவ்வேளையில் வைப்புக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேலும் வட்டி கிடைத்தது. செப்ரெம்பரில் விலைவாசி ஏற்றம் எழுபது வீதத்தைத் தொட்டுநிற்க, இருபது வீதம் ஆறுதலாகவும் இல்லை. ஆனால் 2023 யூலைக்குள் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது, அவ்வட்டியில் ஒரு பகுதி மெய்யான வருவாயாயிற்று. அதனைக்கொண்டு மூன்றாவது அறையின் சுவர் சாளர மட்டம்வரை எழும்பியது. இளையவளின் திருமணம் அவ்விரண்டு அறைகளிலேயே நடந்தது.

நிலாவெளியில் எஞ்சியிருப்பது ஒழுங்கை போகப் பதினாறு பேர்ச்சும் சில்லறையும். 2025 ஏப்பிரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் திருகோணமலையை வலுசக்தி மையமாக்க உடன்பட்ட செய்தி வெளியான வாரத்தில், அதே தரகர் அதே வாயிலில் வந்து நின்றார். நரை சற்றுக் கூடியிருந்தது. அவர் வாய் திறக்குமுன் எழுதுவினைஞர் உள்நோக்கிக் குரல் கொடுத்தார். அம்மையார் தேநீருடன் வந்தார். அலுமாரியைத் திறந்து கொப்பியையும் எடுத்துவந்தார். அது முடிவடையும் நிலையில் இருந்தது. கடைசித் தாளில் அவ்வாண்டுத் தையிற் போட்ட முட்கம்பியின் விலை எழுதப்பட்டிருந்தது.

“தம்பி, இருங்கோ. இந்தமுறை எத்தனை மாதத் தவணை எண்டு முதலில சொல்லுங்கோ” என்றார்.